ஒன்றரை அடியில் ஒரு குழாய்

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி கல்முனைக் கடற்கரையைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போன பிறகு, கிணறுகள் பழைய கிணறுகளாக இல்லை. தேத்தண்ணீர் ஊற்றினால் சீனியையும் மீறிக்கொண்டு உவர்ப்பு நாக்கில் நின்றது. இரண்டு வருசம் பொறுத்துப் பார்த்த பள்ளிவாசல் மஹல்லாக்காரர்கள், மேற்கே வயற்கரையில் ஆழமாக ஒரு குழாய்க் கிணறு அடித்து, உயரத்தில் தண்ணீர்த் தாங்கி ஒன்றைக் கட்டி, ஒழுங்கை ஒழுங்கையாகக் குழாய் இறக்கும் வேலையைத் தொடங்கினார்கள். மண் வெட்டிக் குழாய் புதைக்கும் பொறுப்பு அபூசாலியிடம் வந்தது. வராமல் வேறு யாரிடம் போகும்? மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் எத்தனையோ பேர் இருக்கலாம். கடற்கரை மணலைக் கரை சரியாமல் வெட்டத் தெரிந்தவர் தான் ஒருவர்தான் என்று அபூசாலியே சொல்லிக்கொள்வார். மற்றவர்களும் அதை மறுத்ததில்லை.

வேலையை மேற்பார்க்க வந்தவர் காரைதீவு அழகரெத்தினம் ஓவசியர். ஒல்லியான மனிதர், வெயிலுக்கும் மழைக்கும் ஒரே குடை, அதிர்ந்து ஒரு வார்த்தை கதைக்கமாட்டார். கடைசி ஒழுங்கைக்குச் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்ட அன்று அபூசாலியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"காக்கா, வடிவாக் கேளுங்க. மூணடிக்குக் குறையப்படாது. இதால நெல்லு ட்ரக்டர் போய்வரும். மறுகா, கிழக்குப் பக்கம் கக்கூசுக் குழியள் வரிசையாக் கிடக்கு. அதுகளுக்குக் கிட்டவும் போக வேணாம், பத்தடி விலத்திப் போங்க. ஒரு குழியத் தாண்டித்தான் ஆக வேணுமெண்டா என்னட்டக் கேளுங்க. இரும்புப் பைப்புக்குள்ள வெச்சிச் சுத்திவரச் சீமெந்து போட்டுத்தான் தாண்டலாம்."

"விளங்கிட்டு ஐயா. பச்சப் புள்ளைக்குச் சொல்ற மாதிரிச் சொல்றீங்களே," என்று அபூசாலி சிரித்தார்.

அந்த ஒழுங்கையின் கிழக்குப் பக்கத்து வீடுகளுக்கு முகம் கடற்கரை வீதியில், முதுகுதான் ஒழுங்கையில். முதுகுப் பக்கம் என்றால் கக்கூசும் அதன் குழியும்தான். ஆகவே ஓவசியரின் கோடு மேற்குப் பக்கத்து வளவுகளின் ஓரத்தால் போனது. வேலியைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்ட எல்லாரும் சம்மதித்திருந்தார்கள். அந்த வளவுகளில் ஒன்று முனவ்வறாவுடையது.

முனவ்வறா, அபூசாலியின் மனைவி கைருன்னிஸாவுக்கு ஒரே தாய்வழிக் குடியில் தங்கச்சி முறை. அவளுடைய புருசன் மீராசாஹிபு வயல் காவல் வாடியில் பாம்பு கடித்து மவுத்தாகிப்போன புதிது. அவள் இத்தாவில் இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் பிற ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்க வேண்டும். அவளுடைய கிணறும் குசினியும் கக்கூசும் வீட்டுக்கு வெளியே வளவுக்குள் இருந்தன. நாலைந்து ஆண்கள் அந்த வளவுக்குள் நின்று மண் வெட்டினால், அவள் அறைக்குள்ளேயே முடங்கிக் கிடக்க வேண்டியதுதான்.

இது அவளுக்கும் தெரியும். சோறும் ஆணமும் கொண்டுபோன கைருன்னிஸாவிடம் அவளே பேச்சை எடுத்தாள்.

"மச்சானுக்குச் சொல்லுங்க ராத்தா. கிணத்தடிக்கும் வேலிக்கும் நடுவால கிடுகு கட்டி மறைச்சிட்டு வெட்டட்டும். நான் சுபஹுத் தொழுகைக்கு முந்தியே தண்ணி அள்ளி உள்ளுக்கு வெச்சிருவன். ஊருக்குத் தண்ணி வாறதுக்கு நான் ஏன் குறுக்க நிக்க?"

கைருன்னிஸா வந்து ஒரு சொல்லும் பிசகாமல் ஒப்புவித்தாள். அபூசாலி சோற்றைப் பிசைந்துகொண்டே "ம்" என்றார்.

அவருடைய கணக்கு வேறாக இருந்தது. கிடுகு மறைப்பு என்றால் கம்பு நட வேண்டும், பின்னிய தென்னோலைக் கிடுகு தேட வேண்டும், கட்ட வேண்டும். அது போக, முனவ்வறாவின் வேலியோரத்தில் ஒரு கிழட்டு மாமரம் நின்றது. அதன் வேர்கள் கோட்டை மறித்துக் கிடந்தன. கோடாலி போட்டுத்தான் வெட்ட வேண்டும். மாரி மழை வேறு மேலே கறுத்துக்கொண்டு நின்றது. சம்மாந்துறையில் அரிசி ஆலை ஒன்றுக்குத் தண்ணீர் ஓடும் கான் வெட்டக் கூப்பிட்டு ஆள் அனுப்பியிருந்தார்கள். கிழக்குப் பக்கம் என்றால் வெறும் மணல். மண்வெட்டியைப் போட்டால் போட்ட இடமெல்லாம் வழிவிடும்.

அன்று அசர் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, வேலைக்குப் பொறுப்பான மசூர் மரைக்கார் பள்ளிவாசல் வாசலில் நின்றார். நாலு பேர் சுற்றி நின்றார்கள். அபூசாலி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"மரைக்கார், இத்தாவில இரிக்கிற பொம்புளட வளவுக்க ஆம்புளயள எறக்கி வேல செய்ய எனக்கு மனசு வருதில்ல. பைப்ப அங்கால் பக்கத்தால கொண்டு போறன்."

மசூர் மரைக்கார் அவருடைய தோளைத் தட்டினார். "மாஷா அல்லாஹ்! மண் வெட்டுறவனுக்கு இரிக்கிற மார்க்கப் பேணுதல் மத்தவனுக்கு இல்லியே!" என்று சுற்றி நின்றவர்களையும் ஒரு பார்வை பார்த்தார். நல்ல பெயர் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் என்று அபூசாலி எதிர்பார்க்கவில்லை. தன்னுடைய சோம்பலுக்கு ஒரு விதவையின் முக்காட்டை எடுத்துப் போர்த்திவிட்டார் மனிதர். அது பொருத்தமாகவும் இருந்துவிட்டது.

கிழக்குப் பக்கத்தில் வெட்டத் தொடங்கிய அன்றே மழை பிடித்துக்கொண்டது. ஒன்றரை அடி இறங்குவதற்குள் அடியில் தண்ணீர் ஊறி, கரை கரையாகச் சரிந்தது. மழை விடும்வரை பொறுத்திருக்கலாம். பலகை அடித்துக் கரையை நிறுத்தியிருக்கலாம். அபூசாலிக்கு அந்த வித்தை தெரியாததல்ல. அவர் ஒன்றரை அடியிலேயே குழாயைப் படுக்க வைத்தார். கிழக்கு வரிசையில் நெல் ட்ரக்டர் வைத்திருந்த கச்சிமுகம்மதுவின் பின்வாசல் கடப்படிக்குப் பக்கத்தில் குழாய் கக்கூசுக் குழியின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு போனது. இரும்புக் குழாயும் இல்லை, சீமெந்தும் இல்லை. கூலிக்கு நின்றவர்களில் ஒருவன், "காக்கா, மேலால கிடக்கே?" என்று கேட்டான். "மூடு, மூடு, நான் பாத்துக்கொள்றன்," என்றார். மூடி, காலால் மிதித்து மட்டம் பண்ணியதும் மணல் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை.

காய்ச்சலில் படுத்திருந்த ஓவசியர் எழும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. குடையை ஊன்றிக்கொண்டு ஒழுங்கையைப் பார்த்தார்.

"கோடு மாறியிருக்குக் காக்கா."

"மேக்கால ஒரு பொம்புள இத்தாவில இரிக்கா ஐயா. அதான்."

அழகரெத்தினம் உடனே பின்வாங்கினார். "அது உங்கட மார்க்க விசயம். அதுல நான் வாய் வைக்கக் கூடாது," என்றார். குடையை விரித்துக்கொண்டு, "ஆழம்?" என்று மட்டும் கேட்டார்.

"மூணடி ஐயா."

"குழியளுக்குக் கிட்ட?"

"நீங்க சொன்னபடிதான் ஐயா."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்தவரின் மார்க்கத்துக்கு மரியாதை கொடுத்த மனிதரை அந்த மரியாதையை வைத்தே ஏமாற்றியது அபூசாலிக்கு அன்று பெரிதாகத் தெரியவில்லை. ராத்திரி நல்லாகத்தான் தூங்கினார்.

குழாயில் தண்ணீர் வந்தது. காலையில் கொஞ்ச நேரம், பின்னேரம் கொஞ்ச நேரம். பெண்கள் முதல் வாளித் தண்ணீரை முகத்தில் அள்ளி அடித்துக்கொண்டு சிரித்தார்கள். முனவ்வறா மட்டும் குழாய் எடுக்கவில்லை. அவளுடைய கிணறு அவ்வளவாக உவர்க்கவில்லை. குழாய் போனதும் அங்கால் பக்கத்தால். இத்தா முடிந்த பிறகு அவள் இடியப்பம் அவித்து விற்கத் தொடங்கினாள். மகள் நஸீறாவை வளர்க்க அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஒழுங்கையில் முக்கால்வாசி வீடுகளுக்குக் காலைச் சாப்பாடு அவளுடைய இடியப்பம்தான்.

மாரிப் போக நெல்வெட்டுத் தொடங்கியது. கச்சிமுகம்மதுவின் ட்ரக்டர் நெல் மூட்டையை ஏற்றிக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்து, அவருடைய கடப்படியில் திரும்பி, பின்னுக்குப் போய், முன்னுக்கு வந்து, ஒரு பாடு பட்டுத்தான் உள்ளே நுழையும். அந்த இடத்தில் மணலுக்குக் கீழே என்ன கிடக்கிறது என்பது ஒழுங்கையில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்.

வெயில் ஏறிக்கொண்டு வந்த ஒரு நாள், அந்தக் கடப்படியில் மணல் ஈரமாகக் கிடந்ததை அபூசாலி கண்டார். சுற்றிவர எல்லாம் காய்ந்து வெளுத்துக் கிடக்க, அங்கே மட்டும் அறுகம்புல் பச்சையாக நின்றது. கால் பெருவிரலால் அழுத்தினார். நீர் ஊறியது. குழாய் பிளந்திருக்கிறது. தண்ணீர் வரும்போது அது வெளியே கசியும். தண்ணீர் நிற்கும்போது குழாய் வெறுமையாகி வெளியே உள்ளதை உள்ளே இழுக்கும். வெளியே உள்ளது என்ன? கக்கூசுக் குழி.

வெட்டிப் பார்க்க வேண்டும். வெட்டினால் ஒன்றரை அடியில் குழாய் பல்லை இளிக்கும். ஓவசியருக்குச் சொன்ன பொய், மரைக்காரிடம் வாங்கிய பெயர், எல்லாம் சேர்ந்து இளிக்கும். பிறகு யார் அபூசாலிக்கு வேலை தருவார்கள்? மூத்த மகளுக்குக் கட்டும் வீடு சுவர் மட்டத்தில் கூரையில்லாமல் நிற்கிறது. வீடு இல்லாத கொமர்ப் பிள்ளைக்கு இந்தக் கரையில் எந்த மாப்பிள்ளை வருவான்? இன்னும் கொஞ்சம் பொறுத்து, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வெட்டித் திருத்திவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். கடப்படியில் எப்போதும் ஆள் இருந்தது. பொறுத்துக்கொண்டே போனார்.

ஆனால் வீட்டுக்குப் போனதும் கைருன்னிஸாவிடம், "இனிப் பைப்புத் தண்ணியக் கொதிக்க வெச்சித்தான் குடிக்க வேணும்," என்றார்.

"என்னத்துக்கு? நல்ல தண்ணிதானே?"

"சொன்னதச் செய்."

அவள் செய்தாள். அபூசாலியின் வீட்டில் யாருக்கும் ஒன்றும் வரவில்லை. மற்ற வீடுகளில் வந்தது. முதலில் ஒரு கிழவருக்கு வயிற்றோட்டம். பிறகு இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல். பிறகு வீட்டுக்கு ஒருவர் என்று பாயில் விழுந்தார்கள். ஆஸ்பத்திரியில் நெருப்புக் காய்ச்சல், டைபொயிட், என்றார்கள். கச்சிமுகம்மதுவின் ஒரே மகள் றபீக்கா, பள்ளிக்கூடம் சேர்ந்து அந்த வருசம்தான், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. வெள்ளைத் துணியில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள்.

பிள்ளையின் கபுறுக் குழியை வெட்டிவிட்டு வந்த அபூசாலி, ஜனாஸாத் தொழுகையில் கடைசி வரிசையில் நின்றார். 'யா அல்லாஹ், நான்தான், நான்தான்' என்பதைத் தவிர ஒரு சொல்லும் அவருக்கு ஓத வரவில்லை.

சுகாதாரப் பரிசோதகர் வந்து தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தார். தாங்கித் தண்ணீர் பளிங்காக இருந்தது. எல்லாரும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், இன்னும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் போனார். ஊருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. தாங்கி சுத்தம் என்றால் வேறு எது அசுத்தம்? காய்ச்சல் விழுந்த வீடுகள் எல்லாம் யாரிடம் இடியப்பம் வாங்கின? அந்த இடியப்பத்துக்கு மா குழைத்தது எந்தக் கிணற்றுத் தண்ணீரில்? ஊரில் கிணற்றுத் தண்ணீர் புழங்குவது இன்னும் அவள் ஒருத்திதானே? இத்தாவில் இருந்த காலம் கிணறு சரியாகப் புழங்காமல் பாசி பிடித்துக் கிடந்தது என்றாள் ஒருத்தி. பூனை ஒன்று விழுந்து செத்து மிதந்ததைத் தன் கண்ணால் கண்டதாக இன்னொருத்தி சொன்னாள். அவளுக்கும் மகளுக்கும் மட்டும் ஒன்றும் வரவில்லையே என்று யாரோ கேட்டதற்கு, "பழகின ஒடம்புக்கு வருமா?" என்று பதில் தயாராக இருந்தது.

முனவ்வறாவின் இடியப்பம் தட்டோடு அப்படியே திரும்பி வந்தது. பிறகு, அந்தக் கிணற்றைத் தூர்த்துவிடுவதென்று பேசி முடித்தார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் செய்வது. மசூர் மரைக்கார் அபூசாலியின் வீடு தேடி வந்தார்.

"ஒங்கட ஆக்களையும் கூட்டிக்கொண்டு வாங்க. மண் வேல ஒங்களுக்குத்தானே தெரியும்."

அபூசாலி "ஓம்" என்றார். அந்த "ஓம்" எப்படி வாயிலிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

மரைக்கார் போனதும் கைருன்னிஸா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"இஞ்ச பாருங்க. கிடுகு கட்டிட்டு வெட்டச் சொல்லி அவள் என்னட்டத்தான் சொல்லி அனுப்பினவள். நான் வந்து சொன்னன். நீங்க பள்ளியில போய் வேற கத சொன்னீங்க. மெய்யா, இல்லியா?"

"அதுக்கு இப்ப என்ன?"

"நம்மட ஊட்டுக்கு மட்டும் தண்ணி கொதிக்குது. ஏன் கொதிக்குதெண்டு நான் ஒங்களக் கேக்கல்ல. கேட்டா நீங்க சொல்லுவீங்க, மறுகா நானும் ஒங்களோட சேந்து சொமக்க வேணும். அவட கிணத்தத் தூர்க்குறதுக்கு மண்வெட்டியத் தூக்கிக்கொண்டு மட்டும் போகாதீங்க. சொல்லிட்டன்."

அவர் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார். ராத்திரிச் சோற்றையும் அவர் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில், தண்ணீர் வரும் நேரம், ஒழுங்கை முனைப் பொதுக் குழாயடியில் நஸீறா குடத்தோடு நின்றாள். எட்டு வயது இருக்கும். கிணற்றில் அள்ளக் கூடாது என்று ஊர் சொல்லிவிட்டதால் தாய் அவளைக் குழாய்க்கு அனுப்பியிருந்தாள். குடம் நிறைந்துகொண்டிருந்தது. இந்தத் தண்ணீரைத் தொடாமல் நல்லாக இருந்த ஒரே பிள்ளை. அவளையும் இந்தத் தண்ணீருக்குக் கொண்டுவந்து நிறுத்தியாகிவிட்டது. அந்த வழியால் வந்த அபூசாலி ஓடிப்போய்க் குடத்தைப் பறித்துக் கவிழ்த்தார்.

"பெரியவாப்பா! ஏன் ஊத்தினீங்க?" பிள்ளை அழத் தொடங்கியது. குழாயடியில் நின்ற பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு பார்த்தார்கள்.

"கொடத்துக்குள்ள அழுக்கு, மகள்," என்றார் அபூசாலி. அப்போதும் பொய்தான். "கிணத்துல அள்ளு. நான் சொன்னனெண்டு உம்மாட்டச் சொல்லு."

ஜும்மாவில் குத்பா என்ன ஓதினார்கள் என்று அவருக்குத் தெரியாது. தொழுது முடிந்ததும் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் ஒழுங்கைக்குள் வந்தார்கள். முன்னால் மசூர் மரைக்கார். அவருக்குப் பின்னால் கச்சிமுகம்மது, முகத்தில் நாள்கணக்கில் வழிக்காத முடியும் கையில் புது மண்வெட்டியுமாக. தன்னுடைய பிள்ளையைக் கொன்ற கிணற்றுக்கு முதல் மண் தானே போட வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். முனவ்வறா கடப்படித் தட்டியை உள்ளே இருந்து பிடித்துக்கொண்டு நின்றாள். கிடுகுக்கு மேலே அவளுடைய விரல்கள் மட்டும் தெரிந்தன.

அபூசாலி எல்லாருக்கும் முன்னால் போனார். முனவ்வறாவின் கடப்படிக்கு நேரே வந்ததும் மேற்கே திரும்பாமல் கிழக்கே திரும்பி, கச்சிமுகம்மதுவின் கடப்படியில் ஈரமாகக் கிடந்த மணலில் மண்வெட்டியைப் போட்டார்.

"என்ன காக்கா, இடம் பிசகிட்டா?" என்று யாரோ சிரித்தார்கள்.

அவர் வெட்டினார். நாலைந்து வெட்டிலேயே குழாய் தெரிந்தது. கையால் மணலை விலக்கினார். மூட்டுப் பிளந்து வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதைச் சுற்றி மணல் கறுத்து, குழியின் கசிவு நாற்றம் குப்பென்று ஏறியது. நின்றவர்கள் சட்டைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார்கள். யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூக்கே சொல்லிவிட்டது.

"அல்லாஹ்வே!" என்றார் மசூர் மரைக்கார். "இதத்தானா நாம குடிச்ச? அபூசாலி, ஒங்களுக்கு அல்லாஹ் நல்ல புத்தியத் தந்தான். இல்லாட்டி ஒரு பாவமும் அறியாத கிணத்த மூடியிருப்பம்."

"காக்காட கண்ணே கண்ணு!" என்றான் ஒருவன். இரண்டு பேர் வந்து அவருடைய கையைப் பிடித்தார்கள். அபூசாலிக்கு ஒரு கணம் உடம்பு லேசானது. இப்படியே விட்டுவிட்டால் போதுமே. கிணறு தப்பிவிட்டது, குழாயைத் திருத்திவிடலாம், தன்னையும் மெச்சுகிறார்கள்.

மரைக்கார் குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "அண்டைக்கு அந்தப் புள்ள இத்தாவில இருக்கப் போய்த்தான் பைப்பு இந்தப் பக்கம் வந்த. என்ன செய்ற? நாயன் அல்லாஹ்ட நாட்டம்."

கிடுகுத் தட்டியிலிருந்த விரல்கள் மறைந்தன.

கச்சிமுகம்மது ஒன்றும் பேசாமல் மணலில் பதிந்திருந்த ட்ரக்டர் சில்லுத் தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது குழாயின் பிளவுக்கு நேர் மேலாகப் போய் அவருடைய கடப்படிக்குள் நுழைந்தது. அவருடைய முகம் சாம்பலாகிப் போனது. அப்படியே அந்த மணலில் உட்கார்ந்தார்.

"என்ட ட்ரக்டர்," என்றார். "நான்தான் ஓட்டின. நெல்ல ஏத்திக்கொண்டு நான்தான் இதால ஓட்டின. என்ட புள்ளய நானே..." இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

அபூசாலியால் அதைத் தாங்க முடியவில்லை. கிணற்றின் மேல் பழி விழுந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தவர், இத்தாவின் மேல் விழுந்தபோதும் மென்று விழுங்கிக்கொண்டு நின்றவர், பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் தன் தலையிலேயே அதைத் தூக்கிப் போட்டுக்கொண்டதைக் கண்டதும் உடைந்துபோனார்.

"அடிக்காதீங்க கச்சி! ஒங்கட ட்ரக்டர் இல்ல. மூணடியில கிடந்திருந்தா ஒம்பது ட்ரக்டர் போனாலும் ஒண்டும் நடக்காது. மூணடி வெட்டச் சொன்னவங்க. குழிக்குக் கிட்டயும் போகாதயெண்டு சொன்னவங்க. நான் ஒண்டரை அடியில போட்டு மூடினன். ஓவசியர் ஐயாட்ட மூணடியெண்டு பொய் சொன்னன்."

மரைக்கார் குழாயையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்தா எண்டபடியாத்தானே நீங்க..."

"இல்ல மரைக்கார். கிடுகு கட்டிட்டு வெட்டச் சொல்லி அவள் அண்டைக்கே சொல்லி அனுப்பினவள். அவட வளவுக்க மரத்து வேர் கிடந்த. எனக்கு அத வெட்டப் பஞ்சி. அவட இத்தாவச் சாட்டிட்டன். ரெண்டு மாசத்துக்கு முந்தியே இந்த ஈரத்தக் கண்டன். கண்டுட்டு என்ட ஊட்டுக்கு மட்டும் தண்ணியக் கொதிக்க வெச்சன்."

சற்று முன்பு அவருடைய கையைப் பிடித்திருந்தவன் தன் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டான். யாராவது அடிக்க மாட்டார்களா என்று அபூசாலி நின்றார். ஒருவரும் அடிக்கவில்லை.

கச்சிமுகம்மது மெல்ல எழும்பினார். மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு குழியின் விளிம்புக்கு வந்து உள்ளே பார்த்தார். குழாய் அவருடைய முழங்காலுக்கும் வராத ஆழத்தில் கிடந்தது.

"என்ட மகள்ட கபுறு வெட்டினது நீங்கதானே?" என்று கேட்டார். சத்தமில்லாத, சாதாரணக் குரல்.

"ஓம்."

"பலக வெச்சி, கரை சரியாம, வடிவா வெட்டியிருந்தீங்க. அது எவ்வளவு ஆழம்?"

அபூசாலிக்குப் பதில் தெரியும். கையைத் தன் நெஞ்சுக்கு நேரே வைத்துக் காட்டினார்.

"என்ட நெஞ்சளவு."

கச்சிமுகம்மது தலையாட்டினார். கிணற்றைத் தூர்க்கவென்று வாங்கி வந்த மண்வெட்டியை அவரிடம் நீட்டினார். அந்த நேரம் எதிர்ப்பக்கத்தில் தட்டி திறக்கும் சத்தம் கேட்டது. முனவ்வறா முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்து, வேலியின் கட்டுகளை ஒவ்வொன்றாக அறுத்தாள். கிடுகுகளைத் தூக்கி ஒரு பக்கம் போட்டாள். மாமரத்தடி வெளித்தது. அபூசாலியின் பக்கம் அவள் திரும்பவும் இல்லை, ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

அபூசாலி அந்த வளவுக்குள் இறங்கி, ஓவசியரின் பழைய கோடு போன இடத்தில் வெட்டத் தொடங்கினார். கூலியாட்கள் உதவிக்கு இறங்கப் போனார்கள். கச்சிமுகம்மது கையைக் காட்டி அவர்களை மறித்தார். வேர் வந்தது, கோடாலி வாங்கி வெட்டினார். மணல் சரிந்தது, பலகை வைத்தார். வியர்வையும் கண்ணீரும் ஒன்றாக வழிந்து வாய்க்குள் உவர்த்தன. மூன்றடி இறங்கியதும் மண்வெட்டியின் பிடியை வைத்து அளந்துவிட்டு நிமிர்ந்தார்.

"மூணடி கச்சி. இவ்வளவு ஆழம் காணும்."

கரையில் நின்ற தகப்பன் அவருடைய நெஞ்சைப் பார்த்தார். குழியின் விளிம்பு இன்னும் அதற்குக் கீழேதான் இருந்தது.

"இன்னும்," என்றார்.

அபூசாலி குனிந்து வெட்டினார்.